மிளகாய்க் கொழுந்து கீழ்நோக்கிச் சுருளுகிறது: முரணைச் சிலந்திக்கு என்ன செய்வது?

வணக்கம். பூவெடுக்கும் பருவத்தில் இருக்கும் என் மிளகாய்ச் செடிகளில் நுனிக் கொழுந்துகள் கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கி மடிந்துவிட்டன. இலைக்காம்பு நீண்டிருக்கிறது, அடிப்புறம் பழுப்பேறிப் பளபளக்கிறது. இலைப்பேன் என்றால் மேல்நோக்கி அல்லவா சுருளும்? செம்பேன் என்றால் முதிர்ந்த இலைகளில் வெளிர்ப்புள்ளி விழுந்து நூலாம்படை கட்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லை.

லென்ஸ் வைத்துப் பார்த்ததில் இலையடியில் நிறமற்ற முட்டைகள், மேலே வரிசையாக வெள்ளைப் புள்ளிகளுடன். முரணைச் சிலந்திதான் (வலை பின்னும் சிலந்தி அல்ல, கொழுந்தில் சாறு உறிஞ்சும் மிக நுண்ணிய பூச்சி) என்று ஏறக்குறைய முடிவுகட்டிவிட்டேன். இது இலைச்சுருட்டை வைரஸ் என்று செடியைப் பிடுங்கச் சொல்பவர்கள் சற்றுப் பொறுக்கவும்!

இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி வேண்டாம், அது சிலந்தியைக் கொல்லாது, அதைத் தின்னும் உயிர்களைத்தான் தொலைக்கும். நனையும் கந்தகம் (நீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள்) தெளிக்க நினைக்கிறேன். ஆனால் அண்மையில்தான் வேப்பெண்ணெய் அடித்தேன். எண்ணெய் படிந்த இலையில் கந்தகம் பட்டால் கருகிவிடும். நீங்கள் எத்தனை நாள் இடைவெளி விட்டீர்கள்? கடும் வெயில் காலத்தில் தெளித்த அனுபவம் உண்டா? சுருண்ட நுனியைக் கிள்ளிவிட்டால் புதுத் துளிர் தப்பிக்குமா, அதையும் சிலந்தி பிடித்துக்கொள்ளுமா? பிஞ்சுகளிலும் சொரசொரப்பு தென்படத் தொடங்கிவிட்டது, அதனால்தான் அவசரம்.