கொழிஞ்சாம்பாறை ஓட்டு வீட்டுக்கு எல்.இ.டி.: எத்தனை வாட், எந்த டிரைவர்?

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

வணக்கமுங்க. வீடு பழைய ஓட்டு வீடு. கூடம் 16-க்கு 12 அடி, சமையலறை 10-க்கு 8. சுவரோரம் 9 அடி, முகட்டுல 14 அடி உயரம். இப்ப இருக்கிறது செம்புச் சோக் வெச்ச 40 வாட் டியூப் லைட் 5, அப்புறம் தொழுவம், குளியலறை, பின்வாசல் மூணுலயும் 60 வாட் குண்டு பல்பு. எல்லாத்தையும் எல்.இ.டி.க்கு மாத்தப் போறோம்.

சிக்கல் என்னன்னா, மோட்டார் ஓடுற நேரத்துல வோல்டேஜ் 170-க்கு இறங்குது, ராத்திரி 11 மணிக்கு மேல 255 காட்டுது. ஐப்பசி இடிமழை எப்படின்னு இந்தப் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல.

1. எந்த அறைக்கு எத்தனை வாட்?
2. வெள்ளை வெளிச்சமா, மஞ்சளா?
3. பழைய டியூப் பட்டியிலயே எல்.இ.டி. டியூப் மாட்டலாமா?
4. ஏற்கெனவே ஒரு அறையில மாட்டின எல்.இ.டி. பல்பு சுவிட்சை அணைச்ச பிறகும் லேசா மினுங்குது. ஏன்?
5. கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) பில்லுல நிஜமா எவ்வளவு குறையும்?

லக்ஸ்கணக்கு (பொள்ளாச்சி)

முதலில் வாட் கணக்கை மறந்துவிடுங்கள். வாட் என்பது விளக்கு தின்னும் கரண்ட். தரும் வெளிச்சம் லுமென். டப்பாவில் இரண்டும் அச்சாகியிருக்கும். லுமெனை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 100-க்குக் கீழே வந்தால் வைத்துவிடுங்கள், 110, 120 வரும் சரக்கு இன்று சாதாரணமாகவே கிடைக்கிறது. லுமென் போடாமல் "அதிக வெளிச்சம்" என்று மட்டும் போட்ட டப்பாவைக் கையில் எடுக்கவே வேண்டாம்.

உங்கள் கூடம் 192 சதுர அடி, அதாவது 17.8 சதுர மீட்டர். புழங்குவதற்கு 100 லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லுமென்) போதும் என்றால், தரையில் விழ வேண்டியது சுமார் 1,780 லுமென். இங்கேதான் ஓட்டு வீடு கணக்கை மாற்றுகிறது. வெள்ளையடித்த காங்கிரீட் கூரை மேலே போகும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும், அங்கே விளக்கு தருவதில் 60 சதவீதம் பயன்படும் என்று வைத்துக்கொள்ளலாம். கறுத்த ஓடும் மரச்சட்டமும் அதை விழுங்கிவிடும், அதனால் உங்களுக்கு 40 சதவீதம்தான் போட வேண்டும். 1,780-ஐ 0.4-ஆல் வகுத்தால் 4,450 லுமென். 2,200 லுமென் தரும் 20 வாட் பேட்டன் (டியூப் போல நீளமான எல்.இ.டி. விளக்கு) இரண்டு போதும். எதிரெதிர் சுவரில் 8 அடி உயரத்தில் மாட்டுங்கள்.

முகட்டில் தொங்கவிட ஆசைப்படாதீர்கள். 14 அடியில் மாட்டினால் வெளிச்சம் பரந்து மெலிந்துவிடும், துடைக்கவும் ஏணி வேண்டும். உத்திரத்திலிருந்து இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெறும் வயரில் வேண்டாம், கெட்டியான குழாயில் இறக்குங்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று உள்ளே புகுந்தால் விளக்கு ஊஞ்சலாடும். ஹோல்டர் இணைப்பு தளர்வதே அதனால்தான்.

சமையலறை 7.4 சதுர மீட்டர், அங்கே 200 லக்ஸ் வேண்டும். ஒரு 20 வாட் பேட்டனும், மேடைக்கு மேலே அலமாரியின் அடியில் ஒரு 10 வாட் சிறு பேட்டனும் போடுங்கள். ஒரே விளக்கை நடுவில் போட்டால் அடுப்படியில் நிற்பவரின் நிழல் அரிவாள்மனை மேலேயே விழும். எத்தனை வாட் கூட்டினாலும் அந்த நிழல் போகாது, விளக்கு இருக்கும் இடத்தை மாற்றினால்தான் போகும்.

பழைய 40 வாட் டியூப் சுமார் 2,400 லுமென் தரும், 20 வாட் எல்.இ.டி. அதைவிடக் குறைவுதானே என்று கேட்பார்கள். டியூப் நாலா பக்கமும் வீசும், அதில் பாதி சுவருக்கும் ஓட்டுக்கும் போகும். பேட்டன் முன்பக்கம் மட்டும் வீசுகிறது, ஆகவே கீழே கிடைப்பது குறையாது.

60 வாட் குண்டு பல்பு தருவது 700 லுமென் அளவுதான். குளியலறைக்கு 7 வாட் போதும், தொழுவத்துக்கு 9 வாட்.

நிறம்: சமையலறைக்கும் பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் 4,000 கெல்வின் (ஒளி நிறத்தின் அளவு, எண் குறைந்தால் மஞ்சள்), மற்ற அறைகளுக்கு 3,000. 6,500 கெல்வின் நீல வெள்ளை. கடைக்குச் சரி, படுக்கும் அறைக்கு வேண்டாம். பின்வாசலுக்குக் கட்டாயம் 2,700 அல்லது 3,000 மஞ்சள் போடுங்கள். ஈசலும் விட்டிலும் நீல ஒளிக்குத்தான் அதிகம் வரும். பூச்சி குறைந்தால் பல்லியும் குறையும். இன்னொன்று: நிறம் காட்டும் தரம் சி.ஆர்.ஐ. என்று டப்பாவில் இருக்கும். 80-க்குக் கீழே வேண்டவே வேண்டாம், சமையலறைக்கு 90 கிடைத்தால் வாங்குங்கள். மட்டமான விளக்கின் கீழே மிளகாய்த்தூள் வெளிறித் தெரியும், மீன் புதிதா பழசா என்றே சொல்ல முடியாது.

வயர்பெட்டி (மீனாட்சிபுரம்)

மேல சொன்ன கணக்கு சரிங்க. ஆனா உங்க ஊர் லைன்ல பல்பு சாகிறது வெளிச்சக் குறைவால இல்ல. எல்.இ.டி. சில்லு லேசுல சாகாது, அதுக்குப் பின்னாடி இருக்கிற டிரைவர்தான் (வீட்டுக் கரண்டைச் சில்லுக்கு ஏத்தபடி மாத்தற சர்க்யூட்) சாகும். அதனால பேட்டன் வாங்கறப்ப பார்க்க வேண்டியது மூணு.

உள்வரும் வோல்டேஜ்: "220–240" மட்டும் போட்டிருந்தா வேண்டாங்க. 100–300 அல்லது 140–300 போட்டது வாங்குங்க. மலிவு பல்புகள்ல டிரைவர்னு தனியா ஒண்ணும் இருக்காது, சில்லு இருக்கிற தகட்டுலயே ஒரு ஐ.சி. வெச்சு முடிச்சிருப்பாங்க. அது 170-ல மங்கித் துடிக்கும், 255-ல சூடேறும். ஐ.சி. சூடு, சில்லு சூடு ரெண்டும் ஒரே தகட்டுல சேர்றதுதான் அதுக்கு எமன்.

சர்ஜ் (லைன்ல திடீர்னு பாயற உயர் வோல்டேஜ்) தாங்கும் அளவு: 2.5 கிலோவோல்ட் குறைஞ்சபட்சம், 4 போட்டது கிடைச்சா அதுவே நல்லது.

பி.ஐ.எஸ். (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண்: R-ங்கிற எழுத்தோட 8 இலக்கம், கூடவே ஐ.எஸ். 16102-ன்னு இருக்கும் (அது பல்புக்கான எண், பேட்டனுக்கு வேற). பி.ஐ.எஸ். கேர் செயலியில அந்த எண்ணைப் போட்டா யார் பேருல பதிவுன்னு வரும். பேரு பொருந்தலைன்னா சரக்கைத் திருப்பிக் குடுத்திருங்க.

இடிக்கு: விளக்குல இருக்கிற பாதுகாப்பு மட்டும் போதாது. மீட்டருக்கு அடுத்த டி.பி.யில (மின்பங்கீட்டுப் பெட்டி) ஒரு டைப்-2 எஸ்.பி.டி. (சர்ஜை எர்த்துக்குத் திருப்பி விடற கருவி) வைக்கணும். சிங்கிள் பேஸ் வீடுன்னா பேஸுக்கு ஒண்ணு, நியூட்ரலுக்கு ஒண்ணு சேர்ந்தது. 20 கிலோஆம்ப், 275 வோல்ட்னு போட்டிருக்கும். உங்களுக்கு ராத்திரி 255 வருதுன்னா 320 வோல்ட் போட்டதைக் கேளுங்க, 275 ரொம்ப ஒட்டி நிக்கும். அதுக்கு முன்னாடி தனி எம்.சி.பி. (கரண்ட் மீறினா தானா விழற சுவிட்ச்) வேணும். எஸ்.பி.டி.யில இருந்து எர்த் பாருக்குப் போற வயர் அரை மீட்டருக்கு மேல இருந்தா பாதி பலன் போச்சு. வளைச்சுச் சுருட்டியும் வெக்கக் கூடாது. அதுல இருக்கிற சின்ன ஜன்னல் பச்சையா இருந்தா உயிரோட இருக்கு, சிவப்பானா மாத்தணும். எர்த் குழி காஞ்சு கிடந்தா இது எல்லாமே வீண், பங்குனி சித்திரையில வாரம் ஒரு குடம் தண்ணி ஊத்துங்க. நேரா வீட்டு மேல விழற இடியை இது தடுக்காதுங்க, லைன் வழியா வர்றதை மட்டும்தான் தடுக்கும்.

த்ரீ பேஸ் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு அறையில விளக்கு திடீர்னு பிரகாசமாகி இன்னொரு அறையில மங்கினா அது நியூட்ரல் தளர்ந்த அறிகுறி. 230 வோல்ட் சாமானுக்கு 300-க்கு மேல போயிரும். உடனே மெயினை அணைச்சுட்டு 1912-க்குச் சொல்லுங்க. பல்பு ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டு இருக்காதீங்க.

குளியலறை, தொழுவம்: மூடின கண்ணாடிக் கூண்டுக்குள்ள சாதா எல்.இ.டி. பல்பு போடாதீங்க. சூடு வெளிய போகாது. டிரைவர்ல இருக்கிற மின்பகு கப்பாசிட்டர் 10 டிகிரி சூடு ஏறினா ஆயுசுல பாதியை இழக்கும். கூண்டோட சேர்ந்தே வர்ற எல்.இ.டி. பல்க்ஹெட் வாங்குங்க, ஐ.பி. 65 (தூசியும் பீச்சற தண்ணியும் உள்ள போகாத தரம்). தொழுவத்துல தண்ணி பீச்சிக் கழுவுவீங்க, மூத்திரத்து அம்மோனியா வேற பித்தளை முனையை அரிக்கும். வயர் நுழையற இடத்துல ரப்பர் கிளாண்டை இறுக்கி, வயரைக் கீழ இருந்து மேல நுழையற மாதிரி வளைச்சு விடுங்க. வயர் வழியா வர்ற தண்ணி வளைவுலயே சொட்டிரும், உள்ள போகாது.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

ரொம்ப நன்றிங்க. வீடு சிங்கிள் பேஸ்தான். டியூப் பட்டி, அந்த மினுங்கற பல்பு ரெண்டையும் யாராச்சும் சொல்லுங்க. மினுங்கற அறைச் சுவிட்சுல சிவப்பு இண்டிகேட்டர் இருக்கு.

வயர்பெட்டி (மீனாட்சிபுரம்)

அந்த இண்டிகேட்டர்தான் காரணமா இருக்கும். சுவிட்ச் அணைஞ்சிருக்கிறப்ப அந்தச் சின்ன விளக்கு எரியறதுக்கான கரண்ட் பல்பு வழியாத்தான் நியூட்ரலுக்குப் போகுது. குண்டு பல்புக்கு அது தெரியாது. எல்.இ.டி. டிரைவர் அதைச் சேர்த்து வெச்சு மினுங்கும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சா மாத்துங்க, முடிஞ்சது. சுவிட்சை மாத்த வேண்டாம்னா ஹோல்டர்ல பல்புக்குக் குறுக்க 0.1 மைக்ரோஃபாரட் எக்ஸ்-2 கப்பாசிட்டர் போடலாம். எக்ஸ்-2 எழுத்து கட்டாயம், சாதா ஃபேன் கப்பாசிட்டர் ஆகாது.

மாத்தின பிறகும் மினுங்கினா விஷயம் வேற: சுவிட்ச் பேஸை வெட்டாம நியூட்ரலை வெட்டுது. பழைய வீடுகள்ல இது நிறைய. பல்பை மாத்தறவங்களுக்கு ஷாக் அடிக்கும். சுவிட்சை அணைச்சுட்டு ஹோல்டர்ல டெஸ்டர் வெச்சா பிரகாசமா எரியும். லேசா எரிஞ்சா அது பக்கத்து வயர்ல இருந்து வர்ற தூண்டலாவும் இருக்கலாம், மீட்டர் வெச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க. நியூட்ரல்னு உறுதியானா உரிமம் உள்ள வயர்மேனை வெச்சு மாத்திருங்க, தள்ளிப் போடாதீங்க.

டியூப் பட்டி: மாட்டலாம், ஆனா மாட்டாதீங்கன்னுதான் சொல்வேன். எல்.இ.டி. டியூப்ல ரெண்டு வகை. ஒண்ணுல பேஸும் நியூட்ரலும் ஒரே முனையில. இன்னொண்ணுல ஒரு முனைக்கு பேஸ், மறு முனைக்கு நியூட்ரல். ஒண்ணுக்கு வயரிங் பண்ணின பட்டியில மத்த வகையைச் செருகினா ஒண்ணு எரியாது, இல்லைன்னா ஷார்ட் ஆகி எம்.சி.பி. விழும். சோக்கும் ஸ்டார்ட்டரும் கழட்டி, டியூப் மேல ஒட்டியிருக்கிற படத்தைப் பார்த்து வயரிங் மாத்தணும். இவ்வளவு வேலையும் பண்ணின பிறகு 20 வருஷப் பழைய ஹோல்டர் பல்லு தளர்ந்து பொறி தட்டும். பட்டியையே கழட்டிட்டுப் புது பேட்டன் மாட்டறதுக்கு விலை வித்தியாசம் சொற்பம்தான். கழட்டின டியூப்ல பாதரசம் இருக்கு. தோப்புல உடைச்சுப் போடாதீங்க, முழுசா எடுத்து வீடு வீடா குப்பை வாங்க வர்ற ஹரித கர்ம சேனைக்காரங்க வர்றப்ப கேட்டுக் குடுங்க.

எல்லைக்கோடு (கோபாலபுரம்)

பில் கணக்கு யாரும் தொடவில்லை, அதை மட்டும் சொல்கிறேன்.

40 வாட் டியூப் சோக்கோடு சேர்ந்து 52 வாட் தின்னும். 5 டியூப்புக்கு 260. 20 வாட் பேட்டன் 5-க்கு 100. வித்தியாசம் 160 வாட். தினம் 5 மணி நேரம் என்றால் 0.8 யூனிட், 60 நாளில் 48 யூனிட். குண்டு பல்பு மூன்றும் 180 வாட். அவற்றுக்குப் பதில் 7, 9, 9 என 25 வாட் போட்டால், தினம் 3 மணி நேரத்துக்கு 60 நாளில் 28 யூனிட் மிச்சம். ஆக இரண்டு மாத பில்லுக்கு 76 யூனிட்.

76 யூனிட்டின் விலையைவிட முக்கியம், அது உங்களை எந்தப் படியில் இறக்குகிறது என்பது. கே.எஸ்.இ.பி.யில் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாக விலை ஏறும், முதல் யூனிட்டுகளுக்குக் குறைந்த விலை. 250-ஐத் தாண்டினால் அந்தப் படிகள் போய், முதல் யூனிட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரே உயர் விலை. பில் இரண்டு மாதத்துக்கு என்பதால் எல்லை 500. உங்கள் ரீடிங் 540 என்றால் எல்.இ.டி.க்குப் பிறகு 464. தனி விளக்குச் சேமிப்பு என்று பார்ப்பதைவிடப் பில் கூடுதலாகக் குறையும். ரீடிங் ஏற்கெனவே 300 என்றால் லாபம் உண்டு, ஆனால் இந்தத் தாவல் கிடைக்காது.

எங்கள் பக்கமும் 500-தான் கோடு. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500-ஐத் தாண்டினால் தொடக்கப் படியில் கிடைக்கும் சலுகை போய்விடும். அதனால் எல்லைக்கு இந்தப்புறம் உள்ளவர்களும் கடைசி மூன்று பில்லை எடுத்து 500-க்கு எவ்வளவு அருகே நிற்கிறோம் என்று பாருங்கள்.

ஒரே நாளில் எட்டையும் மாற்றக் காசு இல்லையென்றால் அதிக நேரம் எரிவதில் தொடங்குங்கள்: கூடம், சமையலறை, பிறகு பின்வாசல். வாங்கிய தேதியை மார்க்கரால் ஒவ்வொரு விளக்கின் பின்புறத்திலும் எழுதுங்கள், பில்லைப் படம் எடுத்து வையுங்கள். வெப்பத்தில் அச்சடித்த கடைச் சீட்டு ஆறு மாதத்தில் வெளுத்துவிடும், உத்தரவாதம் கேட்கப் போனால் வெள்ளைத் தாளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

தென்னந்தோப்பு (கொழிஞ்சாம்பாறை)

கடைசி பில் 528 யூனிட்டுங்க. எஸ்.பி.டி.யையும் கூடத்து ரெண்டு பேட்டனையும் முதல்ல போட்டுடறோம்.