அம்மாவோடு பலெர்மோ போகிறேன்: ரோமுக்கும் ஓட வேண்டுமா?

வெள்ளவத்தைக்காரன்:
வணக்கம். தம்பி இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில் இருக்கிறான். மே மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன், விசா கைக்கு வந்துவிட்டது. எனக்குப் பழைய கட்டடம், கோட்டை என்றால் பைத்தியம். யாழ்ப்பாணக் கோட்டை, காலிக் கோட்டை இரண்டின் மதிலிலும் நடந்து திரிந்தவன். ரோமில் உள்ள பழைய சண்டை அரங்கம், கொலோசியம், அதைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், அதிகம் படி ஏற ஏலாது. சைவக்காரிதான், ஆனாலும் செவ்வாய்க்கிழமை தவறாமல் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குப் போகிறவர். ரோம், புளோரன்ஸ், பைசா, வெனிஸ் எல்லாம் ஐந்து நாளில் பஸ்ஸில் காட்டுவதாக இங்கே ஒரு பயண முகவர் சொல்கிறார். எடுக்கலாமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
தம்பி, முதலில் அந்த பஸ்ஸை விடுங்கோ. அம்மா பார்க்கப் போவது பஸ் கண்ணாடியைத்தான். நான் பலெர்மோவில் வேலை செய்துவிட்டு ஊரோடு வந்தவள், அந்த உரிமையில் சொல்கிறேன். நீங்கள் கேட்பதெல்லாம் சிசிலியிலேயே இருக்கிறது. ரோமர் கடல் கடந்து பிடித்த முதல் மாகாணமே அந்தத் தீவுதான்.

ரோமர் காலத்துக்கு பியாட்சா அர்மெரினா ஊருக்குப் பக்கத்தில் உள்ள காசாலே மாளிகை. 4ஆம் நூற்றாண்டில் யாரோ பெரும் பணக்காரன் கட்டிய வீடு. 12ஆம் நூற்றாண்டில் மண் சரிந்து மூடியதால் தரை அப்படியே தப்பிவிட்டது. ஏறக்குறைய 3,500 சதுர மீட்டர், முழுக்கச் சின்னச் சின்னக் கல் பதித்த சித்திரம். ஒரு நீண்ட நடையில் சிங்கம், புலி, காண்டாமிருகம் என்று பிடித்துக் கட்டி இழுத்துப் போகிறார்கள். ஒரு யானையைப் பலகை வழியாகக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கொலோசியத்தில் வெறும் மண்டபம்தான் மிச்சம். அங்கே சண்டைக்கு விட்ட மிருகங்கள் எப்படிப் போய்ச் சேர்ந்தன என்பதை இந்தத் தரையில்தான் பார்க்கலாம். மேலே போட்ட நடைபாலத்தில் நின்று பார்ப்பது, இடையில் கொஞ்சம் படி உண்டு. ரயில் கிடையாது, தம்பியின் காரில் போங்கோ. வழியில் என்னா என்ற மலையூரில் லொம்பார்தியா கோட்டை, அது உங்களுக்கு.

அம்மாவுக்கு மொன்றியாலே. பலெர்மோவில் இருந்து பஸ்ஸே போகும். நார்மன் அரசன் இரண்டாம் வில்லியம் 1174இல் தொடங்கிய பேராலயம். சுவர் முழுக்கப் பொன் பின்னணியில் பைபிள் கதை, உலகப் படைப்பு, நோவாவின் கப்பல், இயேசுவின் வாழ்க்கை என்று. பாஷை தெரியாவிட்டாலும் படம் பார்த்தே கதை விளங்கும். உட்கார வாங்கு உண்டு, அவசரப்படுத்தாதீர்கள். தோள் மூடியிருக்க வேண்டும் என்பார்கள். சேலைக்கு மேல் ஒரு சால்வை போதும். பலெர்மோ அரண்மனைக்குள் இருக்கிற சிற்றாலயத்தையும் விடாதீர்கள்: கூரை அரபுக் கைவேலை, சுவர்ச் சித்திரம் கிரேக்கப் பாணி, கட்டியது நார்மன் ராஜா.

அப்புறம் சாந்தா ரொசாலியா என்ற புனிதை. 1624இல் கொள்ளைநோயில் இருந்து ஊரைக் காத்தவர் என்று கும்பிடுகிறார்கள். பெல்லெகிரினோ மலையில் குகைக்குள் கோயில். நம் சைவ ஆட்களும் நேர்த்தி வைத்து அந்த மலை ஏறுவார்கள். பஸ் போகும், இறங்கிய பிறகு படி இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் கைபிடித்தால் அம்மா ஏறிவிடுவார்.

மதில்மேல் நிற்பவன்:
அக்கா சொல்வது சரி, ஆனாலும் கொலோசியம் கொலோசியம்தான். கி.பி. 80இல் ரோமப் பேரரசன் டைட்டஸ் திறந்து வைத்தது, இன்னும் நிற்கிறது. அம்மாவைத் தம்பி வீட்டில் விட்டு, நீங்கள் மட்டும் விமானத்தில் போய் ஓர் இரவு தங்கி வாங்கோ. டிக்கட் முன்கூட்டியே இணையத்தில் எடுங்கள், பெயர் போட்டுத்தான் தருவார்கள், பாஸ்போட் கையில் இருக்கட்டும். அதே டிக்கட்டில் பழைய ரோமச் சந்தைவெளியும் பார்க்கலாம், அங்கே கல் மேடு பள்ளம். அம்மாவும் வருவேன் என்று நின்றால் கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. பாந்தியோன் என்ற பழைய ரோமர் கோயிலில் தரை சமன், படித் தொல்லை இல்லை. கம்பியே வைக்காத 43 மீட்டர் அகலக் கொங்கிறீட் கூரை, நடுவில் திறந்த ஓட்டை.

சும்மா வாசிப்பவள்:
கொச்சிக்கடைக்குப் போகிற அம்மாவை இத்தாலிக்குக் கூட்டிப் போய்ப் பதுவைக்குக் கூட்டிப் போகாமல் வருவீர்களா? அந்தோனியாரின் கல்லறையே அங்கேதான். வெனிஸில் இருந்து ரயிலில் அரை மணி. வேண்டுகிறவர்கள் கல்லறைக் கல்லில் கைவைத்து நிற்பார்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. முகவருக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. பதுவை என்றதைக் கேட்டதும் அம்மா ரோமையும் மறந்துவிட்டார், என் கொலோசியத்தையும் சேர்த்து. அக்கா, பலெர்மோவில் இருந்து ரயிலா, விமானமா?

கொட்டாஞ்சேனை அக்கா:
விமானம்தான். பலெர்மோவில் இருந்து வெனிஸுக்கு நேராகவே உண்டு. ரயில் என்றால் நாள் முழுக்கப் போய்விடும், முழங்காலுக்கு ஆகாது. சின்னப் பை மட்டும் கொண்டுபோங்கோ, பெரிய பெட்டிக்குத் தனிக் காசு கேட்பார்கள்.