ஊட்டி மலைச்சரிவும் சோடா மூடியும்

மலைக்காற்று:
நான் கோவையில் பம்ப் பட்டறையில் வேலை பார்க்கிறவன். போன மாதம் ஊட்டிக்குப் போனபோது மாமா முத்தோரைப் பக்கம் கூட்டிப்போனார். மலைச்சரிவில் அரை கிலோமீட்டருக்கு வரிசையாக இரும்புச் சட்டங்கள். "என்ன மாமா, பந்தல் போட்டு மறந்துட்டாங்களா?" என்றேன். "ரேடியோ தொலைநோக்கிடா, வானத்திலிருந்து வர்ற ரேடியோ அலையைப் பிடிக்கிறது" என்றார். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-இலிருந்து நிற்கிறதாம்.

என்னை மடக்கியது அந்தச் சரிவுதான். பூமி சுழல்வதால் வானத்துப் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். அதைத் துரத்த, பூமியின் அச்சுக்கு இணையாக ஓர் அச்சு இருந்தால் போதும், ஒரே திசையில் மெதுவாகத் திருப்பலாம். ஊட்டியின் அட்சரேகை சுமார் 11 டிகிரி. அதே 11 டிகிரி சாய்வில், வடக்கு தெற்காக ஒரு மலையைத் தேடிப் பிடித்திருக்கிறார்கள் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும். அந்தச் சரிவிலேயே கிடத்தினால் கருவியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். மலையே கருவிக்குத் தாங்கு சட்டம்! இரண்டு அச்சுக்குப் பதில் ஒன்று என்றால் எவ்வளவு செலவு மிச்சம் என்பது பட்டறைக்காரனுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று. தொலைதூர ரேடியோ மூலங்களின், அதாவது ரேடியோ அலை வீசும் வானத்துப் பொருள்களின், அளவைத் துல்லியமாகக் காண இதைவிடப் பெரிய கருவி வேண்டும். அவர்கள் நிலாவைப் பயன்படுத்திக்கொண்டார்கள். நிலா ஒரு மூலத்தை மறைக்கும்போது சிக்னல் எப்படிக் குறைகிறது என்று பார்த்தால், இடமும் அளவும் கிடைத்துவிடும். அப்படி எடுத்த அளவுகள் 1975-இல் பிரபஞ்சம் ஒரு பெருவெடிப்பில் தொடங்கியது என்ற கொள்கைக்குச் சாதகமாகப் பேசின. ஒரு பிரச்சினையைத் தீர்க்க, புதிதாகச் செய்யாமல் ஏற்கெனவே இருப்பதையே கருவியாக்கிய இந்த மாதிரி கதை யாருக்காவது தெரியுமா?

சாக்பீஸ்:
எங்கள் பள்ளி ஆய்வகத்தில் சென்ட்ரிஃப்யூஜ் (வேகமாகச் சுழற்றி, கலந்திருப்பதைப் பிரிக்கிற கருவி) ஓடி எத்தனையோ வருடம். உகாண்டாவில் ஒரு மருத்துவ நிலையத்தில், கரண்ட் இல்லாததால் அப்படியொரு கருவி கதவுக்கு முட்டுக்கொடுக்கக் கிடந்ததை விஞ்ஞானி மனு பிரகாஷ் பார்த்தார். 2017-இல் ஸ்டான்ஃபோர்டில் அவருடைய குழு காகிதத் தட்டையும் நூலையும் வைத்து, கரண்ட் இல்லாமல் கையால் சுழற்றும் சென்ட்ரிஃப்யூஜ் ஒன்றைச் செய்தது. விலை 20 சென்ட், நிமிடத்துக்கு 1,25,000 சுற்று வரை, ஒன்றரை நிமிடத்தில் ரத்தம் பிரிந்துவிடும். படித்ததும் சிரித்துவிட்டேன். சோடா மூடியைத் தட்டையாக்கி, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து விர்ரென்று இழுப்போமே, அதேதான்!

ஒன்பதாம் வகுப்பில் செய்து பார்த்தோம். அட்டை வட்டம், ஸ்ட்ராவில் சாக்பீஸ் தூள் கரைத்த தண்ணீர். முதல் இழுப்பிலேயே ஸ்ட்ரா பறந்து முன்வரிசைப் பிள்ளைகளுக்கெல்லாம் அபிஷேகம். சரி, இரண்டாவது முறை தூள் ஓரத்தில் ஒதுங்கியது. வேகம் அவர்களுடையதற்குப் பக்கத்தில்கூட வராது.

சோதனைக்குழாய்:
ஆய்வகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் பிசிஆர் ஓடிக்கொண்டிருந்தது. சூடாக்கி ஆறவைக்கும் சுற்றுகளைத் திரும்பத் திரும்ப ஓட்டி, டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை அது. 22-ஆவது சுற்றில் கரண்ட் போனது. நான் அழாத குறை. சீனியர் அக்கா, "எண்பதுகளில் இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும்" என்றார். கேரி முல்லிஸ் 1983-இல் பிசிஆர் யோசனையைக் கண்டுபிடித்தபோது, நகலெடுக்கிற நொதி 95 டிகிரி சூட்டில் செத்துவிடும். அதனால் ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் திறந்து புதிதாக விட வேண்டும். அந்தத் தலைவலியைத் தீர்த்தது அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றில் 1960-களில் நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் கண்ட பாக்டீரியா. அதன் நொதி அந்த 95 டிகிரி சூட்டையும் தாங்கும்.

ஆனால் மலைக்காற்று அண்ணா, ஒரு மறுப்பு. பிராக் யாருடைய பிரச்சினையையும் தீர்க்கப் போகவில்லை. அந்தச் சூட்டில் என்ன உயிர் இருக்கும் என்று பார்க்கத்தான் போனார்.

மலைக்காற்று:
ஒப்புக்கொள்கிறேன் தம்பி. வெந்நீர் ஊற்று கணக்கில் சேராது.

சாக்பீஸ் டீச்சர், அடுத்த முறை எதிரெதிர்ப் பக்கம் இரண்டு ஸ்ட்ரா வையுங்கள், எடை சமமாக இருக்கட்டும். முனையை எம்-சீல் போட்டு அடைத்து, ஒரு ராத்திரி காயவிடுங்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் சக்கரத்திலும் முதலில் பார்ப்பது அந்தப் பேலன்ஸைத்தான்.