ஆத்தங்குடிக் கல்லுக்கு எந்தப் பட்டை கட்டுவது?

வணக்கம். காரைக்குடியிலிருந்து ஆத்தங்குடிக் கல், அதாவது தரையில் பதிக்கும் பூப்போட்ட டைல்ஸ், அனுப்புகிறோம். இதுவரை பக்கத்து ஊர்களுக்கு நம் வண்டியிலேயே போனது. இப்போது டெல்லிக்கு ஓர் ஆர்டர், லாரி சர்வீஸில் போட வேண்டும். வழியில் எப்படி இறக்கி ஏற்றுவார்கள் என்று சொல்லவே வேண்டாம்.

கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட் கல், சூளையில் சுட்டதில்லை. விளிம்பு சட்டென்று உதிரும். முகத்தோடு முகம் வைத்து, நடுவில் பேப்பர் கொடுத்து, மரப்பெட்டியில் நிறுத்தி அடுக்குகிறோம். குழப்பமெல்லாம் பெட்டியைச் சுற்றிக் கட்டும் பட்டையில்தான்.

பி.பி. (பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக்) பட்டை விலை குறைவு, ஆனால் கனமான சரக்கில் போகப் போகத் தொய்ந்துவிடுகிறது. இரும்புப் பட்டை தொய்யாது, மூலையைக் கடிக்கும். மழையில் துரு வடிந்து கல்லில் இறங்கினால் வெள்ளைப் பூவெல்லாம் போச்சு! கடைக்காரர் பச்சை நிற பெட் (PET, பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) பட்டையைக் காட்டுகிறார். இறுக்கம் நிற்கும், துருவும் இல்லை. சரி, எனக்கும் அதில்தான் மனசு.

அப்புறம், பெட்டி சுமார் 60 கிலோ வரும். 16 மி.மீ. அகலம் தாங்குமா, 19 வேண்டுமா? கையால் இறுக்கி கிளிப் அடித்தால் போதுமா, பேட்டரி மெஷின் வாங்கணுமா? மூலைக்கு அட்டையா, பிளாஸ்டிக்கா? டைல்ஸ், கிரானைட் அனுப்புகிறவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.