உதவித்தொகை விண்ணப்பங்களைச் செயற்கை நுண்ணறிவிடம் ஒப்படைக்கலாமா?

கேள்வி: அறக்கட்டளைச் செயலாளர், காரைக்குடி அருகே

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஐயாக்கள் காலத்தில் எழுதி வைத்த தருமக் கட்டளை ஒன்றை இன்றும் நடத்தி வரும் சிறிய அறக்கட்டளை எங்களுடையது. ஆண்டுக்கு ஏறத்தாழ 120 மாணவர்களுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் ஒரு பகுதி, ஊரில் தனித்து வாழும் முதியோர் சிலருக்கு மாதந்தோறும் மருந்துச் செலவு, தைப்பூசத்திற்குப் பழனிக்கு நடந்து செல்வோருக்கு ஒரு வேளை அன்னதானம்: இவ்வளவுதான் எங்கள் பணி. பழைய வீட்டின் முகப்பில் போட்ட ஒரு மேசையும் ஒரு கணினியும் பகுதி நேரமாக வரும் ஒரு பெண்ணும் சேர்ந்ததே எங்கள் அலுவலகம்.

சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் அறங்காவலர் ஒருவர், செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தினால் பாதி வேலை குறையும் என்று ஓராண்டாகச் சொல்லி வருகிறார். நன்கொடையாளர்களுக்கு நன்றிக் கடிதம் எழுதுவது, வந்து குவியும் 300க்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைத் தரவரிசைப்படுத்துவது, பெட்டிக்குள் கிடக்கும் பழைய பேரேடுகளைப் படித்துக் கணினியில் ஏற்றுவது, முதியோர் வாட்ஸ்அப்பில் கேட்கும் கேள்விகளுக்குத் தானாகப் பதில் அனுப்புவது ஆகிய நான்கையும் அதனிடம் விடலாம் என்பது அவர் கருத்து.

இதற்கிடையில் இரண்டு சங்கடங்கள் நேர்ந்துவிட்டன. எங்கள் அலுவலகப் பெண், நல்லெண்ணத்தோடுதான், 90 விண்ணப்பங்களை ஆதார் எண், வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் உட்பட அப்படியே படமெடுத்து, தம் கைபேசியில் இருந்த ஓர் இலவசச் செயலியில் ஏற்றி, "தகுதியானவர்களைச் சொல்" என்று கேட்டிருக்கிறார். இன்னொன்று, அதே செயலி எழுதிக் கொடுத்த நன்றிக் கடிதம், "தங்கள் கொடையால் 500 மாணவர்கள் பயன் பெற்றார்கள்" என்ற வரியோடு 14 பேருக்குப் போய்விட்டது. அந்த 500 எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியவில்லை. எதை அதனிடம் விடலாம், எதை விடக்கூடாது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அறங்காவலர் கூட்டத்தில் எடுத்து வைப்பேன்.

பதில் 1: தணிக்கையாளர், தேவகோட்டை

முதலில் அந்த 90 விண்ணப்பங்களைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் கடிதத்தைத் திருத்தி அனுப்பிவிடலாம், வெளியே போன ஆதார் எண்ணைத் திருப்பி வாங்க முடியாது. 2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அறக்கட்டளைகளுக்கு என்று தனி விலக்கு எதுவும் தரவில்லை. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிறையாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பதால், பிளஸ் டூ முடித்த கையோடு விண்ணப்பிக்கும் பிள்ளைகளில் பலர் அந்த வரம்புக்குள் வருவார்கள். பாதுகாக்கத் தவறினால் விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்களைப் போன்ற சிறிய அறக்கட்டளைக்கு அவ்வளவு போடுவார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் "நாங்கள் சின்ன ஆட்கள்தானே" என்ற சமாதானம் இனி செல்லாது.

வரி விஷயத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் கட்சிக்காரரான ஓர் அறக்கட்டளை, நன்கொடை கோரும் துண்டறிக்கையை இப்படி ஒரு செயலியைக் கொண்டு எழுதியிருந்தது. 10,000 ரூபாய் வரை ரொக்கமாகக் கொடுத்தாலும் 80ஜி பிரிவின்படி கொடுத்தவருக்கு வருமான வரி விலக்கு உண்டு என்று அதில் இருந்தது. அது பழைய வரம்பு. 2017ஆம் ஆண்டு நிதிச் சட்டத்திலேயே அதை 2,000 ஆகக் குறைத்துவிட்டார்கள். இயந்திரம் படித்த பழைய கட்டுரைகளில் 10,000 என்று இருந்திருக்கும், அதையே தயக்கமின்றி ஒப்பித்துவிட்டது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்து பிரிவு எண்களெல்லாம் மாறுவதால், இத்தகைய பிழைகள் இன்னும் சில ஆண்டுகளுக்கு அதிகமாகவே வரும். நன்கொடையாளர் பட்டியல் ஆண்டுதோறும் வருமான வரித் துறைக்குப் போகிறது, கொடுத்தவருக்கான சான்றிதழ் அதை வைத்தே கிடைக்கிறது. அவற்றில் ஒரு தொகை பிசகினாலும் விலக்கை இழப்பவர் கொடுத்தவரே. ரசீது, சான்றிதழ், வரி ஆகிய மூன்றிலும் இயந்திரம் எழுதிய எதையும் மூல ஆவணத்தோடு ஒப்பிடாமல் வெளியே விடாதீர்கள்.

அந்த 14 பேருக்கும் உண்மையான எண்ணிக்கையைச் சொல்லி, வருத்தம் தெரிவித்து, இந்த வாரமே மறு கடிதம் அனுப்பிவிடுங்கள்.

பதில் 2: கோட்டையூரைச் சேர்ந்தவர், சென்னையில் மென்பொருள் பணி

ஏற்றிவிட்ட விண்ணப்பங்களுக்கு இப்போது செய்யக்கூடியது: அந்த உரையாடலை அழித்துவிட்டு, செயலியின் அமைப்புகளில் உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்தும் வசதி இருந்தால் அதை நிறுத்துங்கள். பிறகு அந்த 90 குடும்பங்களுக்கும் நடந்ததை ஒரு வரியில் தெரிவித்துவிடுங்கள். அழித்தால் எல்லாம் போய்விடும் என்று உறுதி சொல்ல முடியாது. ஆனாலும் செய்ய வேண்டியது இதுதான். இனிமேல் விண்ணப்பத்தோடு முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை மட்டும் கேளுங்கள். ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே அதை இறக்கிக்கொள்ளலாம். கல்லூரிக் கட்டணத்தை நேரடியாகக் கல்லூரிக்கே செலுத்துகிறீர்கள் என்றால் ஆதாரே எதற்கு என்று யோசித்துப் பாருங்கள்.

தரவரிசைப்படுத்தும் வேலையை இயந்திரத்திடம் விட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆர்வத்தில் நானே ஒரு சோதனை செய்தேன். கற்பனையாக எழுதிய ஒரே விண்ணப்பத்தைப் பத்திகளின் வரிசையை மட்டும் மாற்றி இரண்டு முறை கொடுத்தபோது இருவேறு மதிப்பெண் வந்தது. அதையே நல்ல ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தபோது மதிப்பெண் இன்னும் ஏறியது. ஆங்கிலம் எழுதத் தெரிந்த பிள்ளைக்கு முன்னுரிமை தருவது உங்கள் கட்டளையின் நோக்கமாக இருக்காது என்று நினைக்கிறேன். நெதர்லாந்தில் குழந்தை பராமரிப்பு உதவித்தொகையில் மோசடி செய்கிறார்களா என்று பார்க்க, ஆபத்து மதிப்பெண் போடும் கணினி முறையை வரித்துறை பயன்படுத்தியது. இரட்டைக் குடியுரிமை போன்ற அடையாளங்களே சந்தேகத்துக்குக் காரணமாகி, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தவறாகக் குற்றஞ்சாட்டப்பட்டுக் கடனில் விழுந்தன. 2021 ஜனவரியில் அந்நாட்டு அரசே பதவி விலக நேர்ந்தது.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொரோனா காலத்தில் ஆப்பிரிக்காவின் டோகோ நாட்டில், ஏழைகளைக் கண்டறியச் செயற்கைக்கோள் படங்களையும் கைபேசிப் பயன்பாட்டுத் தரவையும் கொண்டு பணம் அனுப்பினார்கள். சரியான பட்டியல் இல்லாத, வீடு வீடாகப் போகவும் முடியாத நிலையில் அது பயனுள்ள வழியாக இருந்தது. கைபேசி இல்லாதவர்கள் விடுபட்டார்கள் என்ற குறையும் இருந்தது. உங்கள் மாணவர்களோ பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய ஊர்களில் இருக்கிறார்கள். அந்த நாட்டுக்கு வேண்டியிருந்தது நமக்கும் வேண்டும் என்பதில்லை.

நான் செய்வதாக இருந்தால், தகுதி விதிகளை முதலில் தாளில் எழுதுவேன்: குடும்ப வருமானம், முதல் தலைமுறைப் பட்டதாரியா, பெற்றோரில் ஒருவர் இல்லையா, கட்டணம் எவ்வளவு. பெயரும் எண்களும் நீக்கிய விண்ணப்பத்திலிருந்து இந்த விவரங்களை மட்டும் அட்டவணையில் நிரப்ப இயந்திரம் உதவலாம். மதிப்பெண் போடுவது எக்செல் சூத்திரமாக இருக்கட்டும். ஏன் இவருக்கு இத்தனை என்று யார் கேட்டாலும் விரலை வைத்துக் காட்டலாம். சென்ற ஆண்டு விண்ணப்பங்களில் 30ஐ எடுத்து, நீங்கள் ஏற்கெனவே எடுத்த முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே இந்த ஆண்டுக்குப் போங்கள்.

பதில் 3: அன்னதானக் குழு, குன்றக்குடிப் பக்கம்

நாங்கள் பொருள் பட்டியல் போடுவதற்கு மட்டும் பயன்படுத்துகிறோம். சென்ற முறை அது போட்ட அளவைச் சமையல்காரரிடம் காட்டியபோது, வெயிலில் நடந்து வருகிறவர் குழம்பைக் குறைத்து மோரைக் கூட்டிக் கேட்பார் என்று சொல்லிப் பாதியை அடித்துத் திருத்தினார். பட்டியல் அழகாகத் தட்டச்சாகி வந்ததே எங்களுக்குக் கிடைத்த லாபம், அதுவும் லாபம்தான்.

பதில் 4: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பள்ளத்தூர்

தம்பி, பேரேடுகளைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். ஒரு குடும்பத்துக் கட்டளைக் கணக்கைப் படமெடுத்து இயந்திரத்திடம் கொடுத்துப் பார்த்தோம். எடுத்த எடுப்பில் முதல் பக்கத்திலேயே இரண்டு ரூபாய் அதிகம் காட்டியது. எங்கே தவறு என்று மூவர் உட்கார்ந்து தேடினோம். பக்கத்தின் தலையில் போட்டிருந்த பிள்ளையார் சுழியை அது ௨ என்று எடுத்துக்கொண்டு கூட்டலில் சேர்த்திருக்கிறது! சிரிப்பு அடங்கிய பிறகுதான் கவலை வந்தது, ஏனென்றால் தமிழ் எண்களில் பல நம் எழுத்துகளின் சாயலிலேயே இருப்பவை: ௧ ககரம் போலவும் ௭ எகரம் போலவும் ௮ அகரம் போலவும் இருக்கும். ௨௱௫௰ என்றால் 250. இடையில் வரும் நூறு, பத்துக் குறிகளை விட்டுவிட்டு அது 25 என்று படித்த இடங்களும் உண்டு. மா, காணி, முந்திரி என்று பின்னங்கள் வருகிற நிலக் கணக்கில், காணி என்பது 80இல் ஒரு பங்கு, முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு என்று அறிந்த ஒருவர் அருகில் இல்லாமல் அதை நம்பினால், கட்டளை நிலத்தின் பரப்பே மாறிவிடும்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லவில்லை. அச்செழுத்தில் உள்ள பழைய ஆண்டறிக்கைகளை அது நன்றாகவே படிக்கிறது, எங்களுக்கு மாதக்கணக்கான தட்டச்சு வேலை மிச்சமாயிற்று. கையெழுத்துப் பேரேட்டுக்கு அது ஒரு முதல் வரைவு தரும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை பொருந்துகிறதா என்று பார்ப்பதே பிழையைப் பிடிக்கும் வழி. ஐந்தொகை என்னும் கணக்குச் சுருக்கத்தைச் சரிக்கட்டாமல் எவரும் பெட்டியை மூடியதில்லை அல்லவா?

பர்மாவிலும் மலேயாவிலும் நம்மவர் வட்டிக் கடைகளில் பெட்டியடிப் பையன் என்று ஒருவன் இருப்பான். கூப்பிட்ட குரலுக்கு ஓடுவான், சிட்டை என்னும் அன்றாடக் கணக்கைப் படியெடுப்பான், கணக்குக் கற்றுக்கொள்வான். அவனுக்கு மேலே அடுத்தாள், அவருக்கும் மேலே முதலாளியின் சார்பில் பொறுப்பேற்ற ஏஜெண்ட். பையன் எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும் யாருக்குக் கடன் கொடுப்பது என்பதை அவன் சொல்ல மாட்டான். இந்த இயந்திரத்தை அந்த இடத்தில் உட்கார வைக்கலாம். பையன் சில ஆண்டுகளில் அடுத்தாள் ஆவான், தவறினால் முதலாளிக்குப் பதில் சொல்வான். இது பதில் சொல்லாது என்பது ஒன்றே வேறுபாடு.

பதில் 5: பள்ளி ஆசிரியை, புதுவயல்

இங்கே இதுவரை எழுதியவர்கள் எல்லோரும் கொடுக்கும் பக்கத்திலிருந்து எழுதியிருக்கிறார்கள். நான் இதுபோன்ற ஓர் அறக்கட்டளையில் உதவி பெற்றுப் படித்தவள். விண்ணப்பத்தில் "தந்தையின் தொழில்" என்ற இடத்தில் "அரிசி ஆலை" என்று எழுதியிருந்தேன். அது பொய்யன்று, ஆனால் முதுகில் அடிபட்டு அவர் எட்டு மாதமாகப் படுத்திருந்தார், அதை எழுத அந்தத் தாளில் இடமில்லை, எழுதவும் எனக்கு வெட்கமாக இருந்தது. நேரில் வரச் சொன்னபோது அறங்காவலரின் மனைவியான ஆச்சி, தண்ணீர்ச் செம்பைக் கையில் கொடுத்துவிட்டு, "அப்பா இப்போ வேலைக்குப் போறாரா?" என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வியால்தான் நான் கல்லூரிக்குப் போனேன். வரிசைப்படுத்தும் முறை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், விடுபட்டவர் வந்து பேசுவதற்கு ஒரு நாள் ஒதுக்குங்கள்.

முதியோர் வாட்ஸ்அப் பற்றியும் ஒன்று. அமெரிக்காவில் உணவுப் பழக்கக் கோளாறு உடையவர்களுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனம், 2023இல் தன் உரையாடல் இயந்திரத்தை அவசரமாக நிறுத்த வேண்டியதாயிற்று. பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கொள்ளும் நோயாளிகளுக்கே அது எடை குறைக்கும் ஆலோசனைகளைச் சொல்லியிருந்தது. நம் ஆயாக்கள் எழுத்தில் கேட்பதில்லை, குரல் பதிவுதான் அனுப்புகிறார்கள். "மாத்திரை நேத்தே தீந்து போச்சு, பரவாயில்லை" என்று ஒருவர் சொன்னால், அந்தப் "பரவாயில்லை"க்கு என்ன பொருள் என்று நமக்குத் தெரியும். குரலை எழுத்தாக்கி உங்கள் பெண்ணின் மேசைக்குக் கொண்டுவரும் அளவோடு இயந்திரம் நின்றுகொள்ளட்டும். பதிலை மனிதர் சொல்லட்டும்.

துண்டறிக்கைக்கு ஏழைக் குழந்தையின் படத்தை இயந்திரத்தைக் கொண்டு வரைய வேண்டாம். கொலம்பியப் போராட்டங்களைப் பற்றி 2023இல் அப்படிச் செயற்கைப் படங்களை வெளியிட்ட அம்னெஸ்டி என்னும் மனித உரிமை அமைப்பு, கண்டனங்களுக்குப் பிறகு அவற்றை நீக்கியது. உண்மையான பிள்ளையின் முகத்தைக் காட்டாமலிருக்க வரைந்தோம் என்று சொல்லலாம். மூடிய புத்தகப் பையின் படமே அதற்குப் போதும்.

மீண்டும் செயலாளர்

அனைவருக்கும் நன்றி. நேற்றுக் கூட்டம் நடந்தது. சிங்கப்பூர் அறங்காவலர் காணொளியில் இணைந்தார், தரவரிசை விஷயத்தில் கொஞ்சம் வாதாடினார். சென்ற ஆண்டு விண்ணப்பங்களைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு எக்செல் முறைக்கே போவது என்று ஒப்புக்கொண்டார். நன்றிக் கடிதத்தின் வரைவை இயந்திரம் எழுதலாம், எண்களுக்கான இடத்தை வெற்றிடமாகவே விட வேண்டும், அதை நான் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக் கையால் நிரப்புவேன். 14 பேருக்கும் மறு கடிதம் போய்விட்டது. அவர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "500ஐ விட 120 நம்பும்படியாக இருக்கிறது" என்றார்.

அந்த 90 குடும்பங்களுக்கும் எங்கள் அலுவலகப் பெண்ணே ஒவ்வொருவராக அழைத்துச் சொல்லி வருகிறார். இன்று வரை 61 பேர். விண்ணப்பத்தில் ஆதார் கேட்கும் கட்டத்தை எடுத்துவிட்டோம். "இப்படிவத்தில் எழுத இடமில்லாத செய்தி இருந்தால், வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு நேரில் வந்து சொல்லலாம்" என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம்.

ஆசிரியர் ஐயா, எங்கள் பெட்டியிலும் தமிழ் எண்களில் எழுதிய நிலக் கணக்கு இரண்டு கட்டு இருக்கிறது. படமெடுப்பதற்கு முன்பு தாங்கள் ஒரு முறை வந்து பார்க்க இயலுமா? வண்டி அனுப்புகிறேன்.

பதில் 6: ஓய்வு பெற்ற தமிழாசிரியர், பள்ளத்தூர்

வெள்ளிக்கிழமை வருகிறேன் தம்பி. உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்று எடுத்து வையுங்கள். பிள்ளையார் சுழிகளை முதலில் பென்சிலால் வட்டமிட்டுவிடலாம்.