தீபாவளிக்கு மறுநாள் வேலைக்கு வரச் சொன்னால் எவ்வளவு கூடுதலாகக் கிடைக்கும்? பகுதிநேரமாக இன்னொரு வேலையும் பார்க்கலாமா? (சிங்கப்பூர்)

ஈசூன்காரன்:
வணக்கம். கிடங்கில் ஸ்டோர்மேன் வேலை. அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ஆறு நாள் வேலை: திங்கள் முதல் வெள்ளி வரை எட்டு மணி நேரம், சனிக்கிழமை நாலு மணி நேரம். ஞாயிறு ஓய்வு. இந்த 2026இல் தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மறுநாள் திங்கள் பத்து மணி நேரம் வேலைக்கு வரச் சொல்கிறார்கள். "டபுள் சம்பளம்" என்கிறார் சூப்பர்வைசர். 4,160ஐ 26ஆல் வகுத்து வருவதுதான் கைக்கு வருமா?

இரண்டாவது கேள்வி. ஒரு கடையில் பகுதிநேர வேலை இருக்கிறது. செவ்வாய், வியாழன் மாலை நாலு நாலு மணி நேரம், சனி மதியத்துக்குமேல் எட்டு மணி நேரம், ஆக வாரம் 16 மணி நேரம். மணிக்கு 13 வெள்ளி. சிங்கப்பூர்க் குடிமகன், வயது 31. இப்போதைய முதலாளியிடம் சொல்லித்தான் ஆக வேண்டுமா? சிபிஎஃப் (மத்திய சேமநிதி), வருமான வரி எல்லாம் எப்படி?

சம்பளச்சீட்டு:
முதலில் அந்த "டபுள்" என்ற சொல்லைத் தூக்கிப் போடுங்கள். பாதிச் சண்டைக்கு அதுதான் காரணம். மாதச் சம்பளக்காரருக்குப் பொது விடுமுறை நாளின் சம்பளம் மாதச் சம்பளத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அன்று வேலை செய்தால் அதற்குமேல் ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் சேரும். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு நாள் சம்பளம்தான், ஆனால் சம்பளச் சீட்டில் புதிதாகத் தெரியப்போவது ஒரு நாள் மட்டும். ரெண்டு நாள் கூடுதலாக வரும் என்று எதிர்பார்த்தவர் ஏமாந்துபோவார்.

26ஆல் வகுப்பதும் சரியில்லை. ஒரு நாள் அடிப்படைச் சம்பளத்துக்குச் சட்டத்தின் கணக்கு இது: மாத அடிப்படையை 12ஆல் பெருக்கி, 52 × வாரத்தில் வேலை நாள்கள் என்பதால் வகுக்க வேண்டும். உங்களுக்கு 2,080 × 12 = 24,960. அதை 52 × 6 = 312ஆல் வகுத்தால் சரியாக 80 வெள்ளி. (26ஆல் வகுத்தாலும் உங்களுக்கு 80தான் வரும். ஆறு நாள் வேலை என்பதால் அது தற்செயலாகப் பொருந்துகிறது. ஐந்து நாள் வேலைக்காரர் 26ஆல் வகுத்தால் நஷ்டம் அவருக்குத்தான்.)

மிகைநேரம் (ஓவர்டைம்) தனி. மணிக்கணக்கு: 24,960ஐ 52 × 44 = 2,288ஆல் வகுத்தால் 10.91. அதில் ஒன்றரை மடங்கு 16.36. திங்களன்று எட்டு மணிக்குமேல் செய்யும் இரண்டு மணி நேரத்துக்கு 32.73.

ஆக நவம்பர் 9க்காகக் கூடுதலாக வரவேண்டியது 80 + 32.73 = 112.73 வெள்ளி. எட்டு மணி நேரத்தோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டால் 80.

விடுமுறை நாளின் சம்பளம் மொத்தச் சம்பள வீதத்தில் வரும், வேலை செய்ததற்கான கூடுதல் நாள் அடிப்படை வீதத்தில் வரும். ஷிஃப்ட் அலவன்ஸ் போன்றவை மொத்தத்தில் சேரும், அடிப்படையில் சேராது. சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிட அலவன்ஸ்கள் இரண்டிலுமே சேராது. எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் போட்டுவிட்டு "குறைத்துவிட்டார்கள்" என்று போய் நின்றால் பேச்சு எடுபடாது.

பீஷான்_பார்வதி:
மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது, படிக்கிறவர்கள் கவனிக்கணும்.

வேலை நியமனச் சட்டத்தின் நாலாம் பகுதிக்குள் வருகிறவர்களுக்குத்தான் மிகைநேரம், ஓய்வு நாள் விதிகள். உடலுழைப்புத் தொழிலாளி என்றால் அடிப்படை 4,500 வெள்ளி வரை, மற்றவர்கள் 2,600 வரை. ஈசூன்காரன் எப்படிப் பார்த்தாலும் உள்ளே இருக்கிறார். மேலாளர், நிர்வாகிகளுக்கு 2019 ஏப்ரல் 1 முதல் பொது விடுமுறை உரிமை உண்டு, நாலாம் பகுதி கிடையாது. அவர்களுக்கு முதலாளி காசுக்குப் பதிலாக நேர ஓய்வு கொடுக்கலாம். பேசி முடிவாகவில்லை என்றால் முதலாளியே தீர்மானிப்பார்: ஒரு நாள் சம்பளம், அல்லது நாலு மணி நேரம் வரை வேலை செய்திருந்தால் நாலு மணி நேர ஓய்வு, அதற்குமேல் என்றால் ஒரு முழு நாள்.

நாலாம் பகுதிக்காரரிடம் "வேற நாள் ஆஃப் எடுத்துக்கோ" என்று மேலிருந்து உத்தரவாகச் சொல்ல முடியாது. இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் மட்டுமே நாள் மாற்றம். ஒத்துக்கொண்டுவிட்டால் திங்கள் சாதாரண வேலை நாளாகிவிடும், அந்த 80 வெள்ளியைப் பிறகு கேட்க முடியாது. வாட்ஸ்அப்பில் "ஓகே பாஸ்" என்று கட்டைவிரலைக் காட்டுவதற்கு முன் இதை யோசிக்கணும்.

தெம்பனிஸ் தேநீர்:
நவம்பர் 8ஐயும் விட்டுவிடாதீர்கள். அது உங்கள் ஓய்வு நாள். ஓய்வு நாளில் பொது விடுமுறை விழுந்தால் அடுத்த வேலை நாளுக்கு நகரும், அதனால்தான் திங்கள் விடுமுறை. இந்த வருஷம் விசாகம், தேசிய தினம், தீபாவளி மூன்றுமே ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறும் வரச் சொன்னால் அது வேறு கணக்கு. முதலாளி கேட்டு நீங்கள் வந்தால், வழக்கமான நேரத்தில் பாதி வரைக்கும் ஒரு நாள் சம்பளம், பாதிக்குமேல் முழு நாள் வரைக்கும் இரண்டு நாள் சம்பளம், அதாவது 160. நீங்களாகக் கேட்டு வந்தால் அதில் பாதி: 40 அல்லது 80. ஆகவே யார் கேட்டது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். "ஞாயிறு வரலாமா சார்?" என்று நீங்கள் அனுப்பிய ஒரு செய்தி 80 வெள்ளியைத் தின்றுவிடும். அசாதாரணச் சூழல் தவிர ஓய்வு நாளில் வரச் சொல்லி வற்புறுத்தவும் முடியாது. பொது விடுமுறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை, வரச் சொல்லலாம்.

அடிக்கடி கைவிட்டுப் போகிற இன்னொன்று: விடுமுறைக்கு முந்தைய அல்லது அடுத்த வேலை நாளில் அனுமதியில்லாமல் வராமலிருந்தால் விடுமுறைச் சம்பளமே போய்விடும். உங்களுக்கு அந்த நாள்கள் சனி 7, செவ்வாய் 10. ஊருக்குப் போகிறவர்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மதியம் வரைக்கும் தூங்குகிறவர்கள் கவனிக்க. முறையான விடுப்போ எம்சியோ (மருத்துவச் சான்றிதழ்) இருந்தால் பிரச்சினை இல்லை.

ஈசூன்காரன்:
ரொம்ப நன்றி. திங்கள் செய்யும் நேரம் மாதம் 72 மணி நேர மிகைநேர வரம்பில் சேருமா? அந்தக் கடை வேலை பற்றியும் யாராவது சொல்லுங்களேன்.

சம்பளச்சீட்டு:
விடுமுறை நாளில் வழக்கமான எட்டு மணி நேரம் 72இல் சேராது. அதைத் தாண்டிய இரண்டு மணி நேரம் மட்டும் சேரும். ஒரே நாளில் மிகைநேரத்தோடு சேர்த்து 12 மணி நேரம்தான் வரம்பு.

கடை வேலை. குடிமகனோ நிரந்தரவாசியோ இரண்டு வேலை பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் இல்லை. தடுப்பது உங்கள் ஒப்பந்தம். "எழுத்துபூர்வ அனுமதியின்றி வேறு ஊதியப் பணியில் ஈடுபடக்கூடாது" என்கிற மாதிரி ஒரு வரி பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில், இரகசியக் காப்புக்குப் பக்கத்தில் இருக்கும். நிறுவனக் கையேட்டிலும் பாருங்கள், ஒப்பந்தம் அதைச் சுட்டியிருந்தால் அதுவும் கட்டுப்படுத்தும். அப்படி வரி இருந்தால் கேட்டுவிடுங்கள்: எந்தக் கடை, என்ன வேலை, எந்த நேரம், போட்டி நிறுவனம் இல்லை, உங்கள் மிகைநேரத்துக்கு இடையூறு இல்லை. நாலு வரி மின்னஞ்சல் போதும். வாய்மொழியாகக் கிடைத்த அனுமதி அந்த மேலாளர் வேலையை விட்டுப் போகும் நாளோடு போய்விடும்.

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இல்லாவிட்டாலும் சொல்லிவைப்பதே நல்லது என்பேன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும். செவ்வாய் 12 மணி நேரம் உழைத்துவிட்டுப் புதன் காலை கண் சொக்கினால் அது உங்கள் சம்பளத்தைப் பற்றிய விஷயம் மட்டும் இல்லை.

ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம்: இங்கே எம்சி போட்டுவிட்டு அங்கே ஷிஃப்டுக்குப் போவது. தெரியவந்தால் விசாரணை வைத்து ஒழுங்கீனம் என்று வேலையை விட்டே நீக்க வழியிருக்கிறது.

பீஷான்_பார்வதி:
காசு விஷயம்.

பகுதிநேரம் என்றால் வாரம் 35 மணி நேரத்துக்குக் குறைவு. அங்கேயும் பொது விடுமுறை உரிமை விகிதப்படி உண்டு, பலரும் கேட்பதே இல்லை. உங்கள் 16 மணி நேரத்தை முழுநேரக்காரரின் 44ஆல் வகுத்து, 11 விடுமுறை, நாளுக்கு 8 மணி நேரம் என்று பெருக்கினால் 16 ÷ 44 × 11 × 8 = 32. வருஷத்துக்கு 32 மணி நேரச் சம்பளம், 13 வெள்ளி வீதம் 416. கடைக்காரர் இதை மணி வீதத்துக்குள் சேர்த்துக் கொடுக்கவும் செய்யலாம், ஆனால் அது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கணும். அந்த 13இல் இது உள்ளதா இல்லையா என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்.

சிபிஎஃப்: ஒவ்வொரு முதலாளியும் தனித்தனியாகக் கட்டுவார். கடை மாதம் சராசரி 901 வெள்ளி. உங்கள் வயதுக்கு அதில் 20 விழுக்காடு, சுமார் 180, உங்கள் பங்காகப் பிடிப்பார்கள். முதலாளி 17 விழுக்காடு தன் கையிலிருந்து போடணும். கைக்கு 721 போல வரும். "ரொக்கமா வாங்கிக்கோ, சிபிஎஃப் வேண்டாம்" என்றால் அந்த 17 விழுக்காடு உங்கள் பணம் என்பதை மறக்க வேண்டாம்.

வருமான வரி: இங்கே மாதாமாதம் பிடிப்பதில்லை, அடுத்த வருஷம் இரண்டையும் சேர்த்துக் கேட்பார்கள். கிடங்குச் சம்பளம் மட்டும் இருந்தவரை சிபிஎஃப் கழிவும் 1,000 வெள்ளி சம்பாத்தியக் கழிவும் போய் 20,000க்குள் நின்றது, வரி பூஜ்யம். கடை வருமானம் சேர்ந்தால் சுமார் 27,620. முதல் 20,000க்கு வரி இல்லை, அடுத்த 10,000க்கு 2 விழுக்காடு. 152 வெள்ளி வரும். பெரிய தொகை இல்லை, எதிர்பாராமல் வந்தால்தான் கடுப்பு.

பெரிய பள்ளம் வேறு. குடிமகன், 30 வயதுக்குமேல் என்பதால் வேலைநலன் துணை வருமானம் (குறைந்த சம்பளக்காரருக்கு அரசு தரும் உதவித்தொகை) வாங்கிக்கொண்டிருப்பீர்கள். 2025 முதல் அதன் வரம்பு மாத மொத்த வருமானம் 3,000 வெள்ளி. எல்லா வேலையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள், மிகைநேரமும் சேரும். 2,080 + 901 = 2,981. அந்தத் தீபாவளி 112 வெள்ளியே நவம்பரை 3,000க்கு மேலே தள்ளிவிடும். கடையில் ஒரு மணி நேரத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்கும்போது இதையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

உட்லண்ட்ஸ்_11:
குறுக்கே ஒரு கேள்வி. கட்டுமான வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் தம்பி ஒருவர் ஞாயிறும் பொது விடுமுறையும் வேறு குத்தகைக்காரரிடம் போய் ரொக்கத்துக்கு வேலை செய்யலாமா? ஓய்வு நாள்தானே என்கிறார்.

தெம்பனிஸ் தேநீர்:
கூடவே கூடாது. ஓய்வு நாள் அவருடையது, வேலை அனுமதி அப்படியில்லை. சீட்டில் எழுதியிருக்கும் முதலாளிக்கும் அந்தத் தொழிலுக்கும் மட்டும்தான் அது. பிடிபட்டால் 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். வேலை கொடுத்தவருக்கு 5,000 முதல் 30,000 வரை அபராதம், 12 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். அதற்குமேல் அந்தத் தம்பி சிங்கப்பூரில் மறுபடி வேலைக்கு வர முடியாதபடி தடையும் வரும். ஒரு நாள் கூலிக்காக ஏஜெண்டுக்குக் கட்டிய காசு முழுவதும் போகும். எஸ் பாஸ், இபி (திறனாளர், நிபுணர்களுக்கான வேலை அனுமதிகள்) வைத்திருப்பவர்களுக்கும் இரண்டாவது முதலாளி கிடையாது. உணவு விநியோகம் ஓட்டுவதும், நண்பரின் கணக்கை வாங்கி ஓட்டுவதும் இதே குற்றத்தில்தான் போய் முடியும்.

ஆனால் சொந்த முதலாளி பொது விடுமுறையில் வேலை வாங்கினால் அந்தக் கூடுதல் ஒரு நாள் சம்பளம் வேலை அனுமதிக்காரருக்கும் அப்படியே உண்டு. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்துக்கு வெளியே. அவர்களுக்குத் தனி விதி, 2023 முதல் மாதம் ஒரு ஓய்வு நாளையாவது காசு கொடுத்து ஈடுகட்டக் கூடாது.

சம்பளச்சீட்டு:
காயம் பற்றி யாரும் சொல்லவில்லை. 2020 செப்டம்பர் 1 முதல் வேலைக் காய இழப்பீட்டை அடிபட்ட வேலையின் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுவதில்லை, எல்லா வேலையின் சம்பளத்தையும் சேர்ப்பார்கள். கடையில் ஏணியிலிருந்து விழுந்தால் கிடங்குச் சம்பளச் சீட்டையும் கொடுக்க வேண்டும். மறைத்து வைத்த வேலை என்றால் அங்கேதான் இடிக்கும்.

சம்பளம் குறைந்தால் காத்திருக்காதீர்கள். மிகைநேரக் காசு சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் வந்தாக வேண்டும், மற்றதெல்லாம் 7 நாளுக்குள். சம்பளச் சீட்டில் பொது விடுமுறைக்கான தொகையும் மிகைநேர மணியும் தனித்தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள். முதலில் மனிதவளத் துறைக்கு மேலே உள்ள கணக்கை அப்படியே எழுதி அனுப்புங்கள், பாதிக்குப் பாதி அங்கேயே சரியாகிவிடும். ஆகவில்லை என்றால் வேலைத் தகராறுகளுக்கான முத்தரப்பு அமைப்பான டாட்மில் (TADM) சமரசத்துக்கு மனு. வேலையில் இருந்தால் பிரச்சினை எழுந்து ஒரு வருஷத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள். ரோஸ்டர் படம், பஞ்ச் கார்டு படம், வாட்ஸ்அப் செய்தி மூன்றையும் நவம்பர் 9 அன்றே எடுத்து வையுங்கள். நிறுவனத்தின் குழு அரட்டையிலிருந்து உங்களை நீக்கிவிட்டால் பிறகு எதையும் தேடி எடுக்க முடியாது.

ஈசூன்காரன்:
ஒப்பந்தத்தைப் பார்த்தேன், ஒன்பதாம் பக்கத்தில் அந்த வரி இருக்கிறது. இன்றே மின்னஞ்சல் அனுப்புகிறேன். கடையில் 14 மணி நேரமாகக் குறைத்துக் கேட்கப் போகிறேன்.