கோகோபீட்டில் தக்காளி: கீழிலை மஞ்சள், காயின் அடியில் கருமை. கால்சியமா, மெக்னீசியமா?

கொத்துத்தக்காளி:
வணக்கம். மண் கலக்காமல் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) மட்டும் நிரப்பிய பைகளில் தக்காளியும் குடைமிளகாயும் வளர்க்கிறேன். கோகோபீட் கட்டியை ஆர்.ஓ. தண்ணீரில் (உப்பு நீக்கிச் சுத்திகரித்த நீர்) ஊறவைத்து, உதிர்த்து, அலசிவிட்டு நட்டேன். உரம் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ளது) மட்டும். லிட்டருக்கு ஒரு கிராம், தண்ணீர் விடும்போதெல்லாம். பூக்கும்வரை செடிகள் கருகருவென்று செழித்து நின்றன.

இப்போது இரண்டு தொல்லைகள். கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவே இருக்க, இடைப்பகுதி மட்டும் வெளுத்து மஞ்சளாகிறது; சிலவற்றில் பழுப்புப் பொட்டுகளும் விழுகின்றன. அடுத்தது காய். காம்புக்கு நேர் எதிர்ப்பக்கம் நீர் கோத்ததுபோல் தொடங்கி, இரண்டொரு நாளில் கறுத்துத் தோல்போல் உலர்ந்து உள்வாங்கிவிடுகிறது. குடைமிளகாயிலும் இதே கதை, ஆனால் பக்கவாட்டில்.

நான் விடும் தண்ணீரின் ஈ.சி. (கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன், mS/cm அலகில்) உரம் கலக்குமுன் 0.1-க்கும் கீழே. உரம் கலந்தபின் பி.எச். (அமில-காரத் தன்மை) 6.3. முட்டை ஓட்டுப் பொடி போடச் சொல்கிறார்கள். போடலாமா? காய்கள் உதிர்வதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

வேலிப்படல்:
நரம்பு பச்சை, இடையில் மஞ்சள் என்றால் இரும்புச்சத்துக் குறைவுதானே? செலேட் இரும்பு கொடுத்துப் பாருங்கள்.

நார்க்கூடை:
வேலிப்படல், இரும்பாக இருந்தால் மஞ்சள் குருத்திலிருந்து தொடங்கும். இவருக்குக் கீழிலையிலிருந்து தொடங்குகிறது, எனவே மெக்னீசியம். செடிக்குள் மெக்னீசியம் இடம் மாறக்கூடியது. பற்றாக்குறை வந்தால் முதிர்ந்த இலையிலிருந்து உருவி இளந்தளிருக்கு அனுப்பிவிடும். கால்சியம் அப்படியல்ல, ஓரிடத்தில் செல் சுவரில் சேர்ந்துவிட்டால் அங்கேயேதான். வேர் உறிஞ்சும் நீரோடு மட்டுமே மேலேறும். இலை நிறைய நீரை ஆவியாக்குவதால் அந்த நீர் பெரும்பாலும் இலைக்கே போகிறது. காய்க்குக் கிடைப்பது மிச்சம். அதனால்தான் கால்சியம் குறையும்போது காயின் நுனி முதலில் அழுகுகிறது. உங்களுக்கு இரண்டுமே குறைவு.

ஏன் என்பதை விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரியாமல் மருந்து மாற்றி மருந்து அடித்துச் செடியைப் பறிகொடுப்பவர்கள் அதிகம். நார்த்துகளின் மேற்பரப்பில் எதிர்மின் தன்மை கொண்ட இடங்கள் ஏராளம். தென்னையிலிருந்து வரும்போதே அவற்றில் பொட்டாசியமும் சோடியமும் உட்கார்ந்திருக்கும். கால்சியமும் மெக்னீசியமும் இரட்டை மின்னேற்றம் உடையவை. அவை வந்தால் நார் அவற்றை இறுகப் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். அதாவது நீங்கள் கொடுக்கும் கால்சியத்தில் முதல் பங்கு நாருக்கு, மீதிதான் வேருக்கு. வெறும் தண்ணீரில் எத்தனை முறை அலசினாலும் கரைந்து நிற்கும் உப்புதான் போகும், ஒட்டியிருப்பது போகாது.

உங்கள் தோட்டத்தில் நாருக்குப் பங்கு போகும் அளவுக்கே கால்சியம் வரவில்லை. 19:19:19-இல் கால்சியம் கிடையாது. ஆர்.ஓ. தண்ணீரிலும் இல்லை. போதாததற்கு, நார் விடும் பொட்டாசியமும் உரத்தின் பொட்டாசியமும் அம்மோனியமும் சேர்ந்து வேர்வாயிலில் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் முந்திக்கொள்கின்றன.

முட்டை ஓடு வேண்டாம். அது கால்சியம் கார்பனேட், உங்கள் பி.எச். அளவில் மிக மெல்லத்தான் கரையும். இந்தக் காய்ப்புக்கு உதவாது, பி.எச்.-ஐ மேலும் ஏற்றும்.

செய்ய வேண்டியது: லிட்டருக்கு 0.8 கிராம் கால்சியம் நைட்ரேட், 0.5 கிராம் எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்). தோட்டக்கலைத் தரக் கால்சியம் நைட்ரேட்டில் கால்சியம் சுமார் 19 சதவீதம் என்பதால் ஏறக்குறைய 150 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) கிடைக்கும். எப்சம் உப்பிலிருந்து மெக்னீசியம் 50 பி.பி.எம். அளவுக்கு வரும். முதல் ஒரு வாரம் 19:19:19-ஐ நிறுத்திவிட்டு இதை மட்டும், பையின் அடியில் ஐந்தில் ஒரு பங்கு வடியும் அளவுக்கு விடுங்கள். பிறகு 19:19:19-ஐப் பாதியாக, அரை கிராமாகச் சேர்க்கலாம். கால்சியம் நைட்ரேட்டிலேயே தழைச்சத்து வந்துவிடுகிறது. பி.எச். 5.8 முதல் 6.2-க்குள் இருக்கட்டும்.

கலக்கும் முறையில் கவனம் தேவை. இரண்டையும் சிறு கிண்ணத்தில் கெட்டியாகக் கரைக்காதீர்கள். கால்சியமும் சல்பேட்டும் கூடி ஜிப்சமாகி, அடியில் வெள்ளைப் படிவாக இறங்கிவிடும். 19:19:19-இன் பாஸ்பேட்டும் கால்சியத்தோடு அப்படியே படியும். முழு அளவு தண்ணீரில் ஒன்றை நன்றாகக் கரைத்து, பிறகு அடுத்ததைச் சேர்க்க வேண்டும். விரலால் வாளியின் அடியைத் தடவிப் பாருங்கள். நறநறவென்று தட்டுப்பட்டால் சத்து செடிக்குப் போகவில்லை.

இலை மஞ்சளை விரைவாகத் தடுக்க, வெயில் தாழ்ந்தபின் லிட்டருக்கு 5 கிராம் எப்சம் உப்பை இலைவழி தெளிக்கலாம். கால்சியத்தை இலையில் தெளிப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. இலையில் பட்டது காய்க்கு நகராது.

நீர்ச்சால்:
நார்க்கூடை சொன்னதோடு ஒன்று. கால்சியம் போதுமான அளவு இருந்தும் நீர் சீராகக் கிடைக்காவிட்டால் காய் நுனி அழுகும். கோகோபீட் ஏமாற்றும், மேலே வெளிர் பழுப்பாகக் காய்ந்திருக்கும், இரண்டு விரல்கடைக்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். பையைத் தூக்கி எடையைப் பார்த்து நீர் விடுங்கள். வெயில் காலத்தில் ஒரேயடியாக ஊற்றாமல் சிறிது சிறிதாகப் பலமுறை.

பூசணிக்கொடி:
என்னுடையது கடினநீர், கொதிக்கவைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படிகிறது. நானும் இதே அளவு போடலாமா?

நார்க்கூடை:
வேண்டாம் அக்கா. உங்கள் நீரிலேயே கால்சியம் கணிசமாக இருக்கும். பெரும்பாலும் எப்சம் உப்பு மட்டும் போதும். நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட் நான்கையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். டி.டி.எஸ். கருவி மொத்த உப்பைத்தான் காட்டும், எந்த உப்பு என்று காட்டாது. கடினநீரை மென்னீராக்கும் கருவி வீட்டில் இருந்தால் அந்த நீரை விடவே விடாதீர்கள். கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுப்பதுதான் அதன் வேலை.

கொத்துத்தக்காளி:
நார்க்கூடை ஐயா, சொன்னபடியே செய்தேன். தொடக்கத்தில் வடிநீரின் ஈ.சி. ஊற்றியதைவிட அதிகமாக வந்ததும் பதறிவிட்டேன். இப்போது இரண்டும் கிட்டத்தட்ட சமம். புதுப் பிஞ்சுகளில் கருமை இல்லை. குருத்து நன்றாக விரிகிறது. பழைய மஞ்சள் இலைகள் மட்டும் பச்சைக்குத் திரும்பவில்லை. அடுத்த பைகளுக்கு முன்கூட்டியே என்ன செய்வது?

நார்க்கூடை:
மகிழ்ச்சி! வடிநீர் ஈ.சி.யின் அந்த ஏற்றத்தில் நாரிலிருந்து வெளியேறிய பொட்டாசியத்துக்கும் சோடியத்துக்கும் பங்கு உண்டு. பொட்டுவிழுந்த இலை தேறாது, கிள்ளிவிடலாம். கறுத்த காய்களையும் பறித்துவிடுங்கள். காய்ப்பு கூடும்போது பொட்டாசியத் தேவையும் கூடும். நாரில் இருந்த கையிருப்பு தீர்ந்துவிட்டதால் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) சிறிது சேர்க்க வேண்டிவரும். ஆனால் அளந்து, கொஞ்சமாக.

புதுக் கட்டிக்கு: முதலில் வெறும் தண்ணீரில் ஊறவைத்து உதிர்த்து, வடிய விடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்த நீர் முழுக மூடி நிற்கும்படி ஊற்றி ஒரு நாள் வையுங்கள். அதை வடித்துவிட்டு, வடிநீரின் ஈ.சி. 0.5-ஐ ஒட்டி வரும்வரை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இந்த முதல் ஊறலில் எப்சம் உப்பு சேர்க்க வேண்டாம், அந்தக் கெட்டிப்பில் படியக்கூடும்.

கொத்துத்தக்காளி:
மிக்க நன்றி ஐயா. கடைசியாக ஒன்று: பிரித்துவைத்த கால்சியம் நைட்ரேட் கசிந்து கூழாகிவிட்டது. பயன்படுமா?

நார்க்கூடை:
பயன்படும். காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கிறது, சத்து கெடவில்லை. ஆனால் நீரும் சேர்ந்து எடை காட்டும் என்பதால் கிராம் கணக்கு பொய்யாகும், கரைத்தபின் ஈ.சி. பார்த்து அளவைச் சரிசெய்யுங்கள். புதிதாக வாங்குவதை இறுக மூடும் டப்பாவில் வையுங்கள்.